கடைசிக் குழாயில் அளப்போம்

(அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் குடிநீர் வாரியத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். தலித் எழுத்தைப் படித்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். மேலே நின்று ஊற்றுகிறவர் வரும்வரை கிணற்றடியில் வெறுங்குடத்தோடு காத்திருந்த தாய்மார்கள் இல்லாத தன்வரலாறு நம்மிடம் அரிது. தண்ணீரும் தீட்டும் நம் எழுத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அண்ணலின் முதல் பெரும் போராட்டமே ஒரு குளத்தங்கரையில்தான் நடந்தது. ஆகவே அவர் நினைவில் கூடும் இந்த நாளில், கொள்ளைநோய் வரும்போது ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் அமைப்பு யாருக்குத் தண்ணீர் கொடுக்கிறது என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் நமக்குத் தொலைவான ஓரிடத்திலிருந்து தொடங்குவோம். அங்கே சாதி இல்லை. அதனால் தண்ணீரைப் பற்றிய உண்மை அங்கே கொஞ்சம் துலக்கமாகத் தெரியும். பிறகு நம் ஊருக்கு வருவோம்.

ஜெர்மனியில் எல்பெ ஆற்றின் கரையில் ஹாம்பர்க் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அதை ஒட்டி அப்போது ஆல்டோனா என்ற தனி நகரம் இருந்தது. இரண்டுக்கும் நடுவே எல்லையாக இருந்தது வெறும் தெருதான். தெருவின் இந்தப் பக்கம் ஹாம்பர்க், அந்தப் பக்கம் ஆல்டோனா. ஒரே காற்று, ஒரே மண், ஒரே மாதிரி வீடுகள். தண்ணீர் மட்டும் வேறு வேறு. இரண்டு நகரங்களும் ஒரே ஆற்றிலிருந்துதான் எடுத்தன. ஆனால் ஹாம்பர்க் நகருக்கு மேலே, ஆறு வரும் திசையில் எடுத்தது. ஆல்டோனா கீழே எடுத்தது. அதாவது இரு நகரங்களின் சாக்கடையும் கலந்த பிறகு ஓடிவரும் நீரை எடுத்தது.

1892 ஆகஸ்டில் காலரா வந்தது. சில வாரங்களில் ஹாம்பர்கில் ஏறத்தாழ 8,600 பேர் இறந்தார்கள். ஆல்டோனாவில் இறந்தவர்கள் சில நூறு பேர். அவர்களிலும் பலர் ஹாம்பர்கில் வேலைக்குப் போய் நோயை வாங்கி வந்தவர்கள். ஆல்டோனா சிறிய நகரம்தான். மக்கள்தொகை விகிதத்தில் கணக்கிட்டாலும் ஹாம்பர்கின் சாவு பல மடங்கு அதிகம். எல்லைத் தெருவில் ஹாம்பர்க் பக்கம் ஒரு குடியிருப்பு வளாகம் இருந்தது. குழாய் பதிக்கும் வசதிக்காக அதற்கு மட்டும் ஆல்டோனாவின் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சுற்றிலும் காலரா பரவியபோது அந்த வளாகத்தில் நோய் இல்லை.

கேள்வி இதுதான். அதிக அழுக்கான நீரை எடுத்த ஊர் பிழைத்தது, அதைவிட நல்ல நீரை எடுத்த ஊர் செத்தது. எப்படி? ஆல்டோனா தன் நீரை மணல் வடிகட்டியில் ஊற்றி, மெதுவாக வடியவிட்டு, அதன் பிறகே குழாயில் விட்டது. ஹாம்பர்க் ஆற்று நீரை வடிகட்டாமலே விட்டது. வடிகட்டி கட்ட வேண்டும் என்ற பேச்சு ஹாம்பர்கில் பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. ஆனால் நகர மன்றத்தில் வாக்குரிமையும் செல்வாக்கும் வீட்டு உடைமையாளர்களிடமும் வணிகர்களிடமும் இருந்தன. செலவை யார் ஏற்பது என்று இழுத்தடித்தார்கள். நோய் வந்த பிறகும், துறைமுகத்தை மூடிவிடுவார்களோ, வணிகம் கெடுமோ என்று அதை வெளியே சொல்லத் தயங்கினார்கள். சந்துக் குடியிருப்புகளில் நெருங்கி வாழ்ந்த ஏழைகள்தான் அதிகம் மடிந்தார்கள். வடிகட்டி நிலையம் அடுத்த ஆண்டு, 1893இல், அவசர அவசரமாக இயங்கத் தொடங்கியது.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. மெதுமணல் வடிகட்டியில் நீரைத் தூய்மைப்படுத்துவது மணல் மட்டும் இல்லை. சில நாள் நீர் வடிந்த பிறகு மணலின் மேல் வழுவழுப்பான ஒரு படலம் படியும். கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழும் படலம் அது. நோய்க் கிருமிகளைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்துவது அதுதான். ஜெர்மன் மொழியில் அதற்கு வைத்த பெயருக்கு ‘அழுக்குப் போர்வை’ என்று பொருள். பார்வைக்கு அழுக்கு, செய்கிற வேலையோ சுத்திகரிப்பு. அந்தப் படலம் தடித்து நீர் இறங்காமல் அடைக்கும்போது, தொழிலாளர்கள் உள்ளே இறங்கி மண்வெட்டியால் மேல் மணலைச் சுரண்டி எடுக்க வேண்டும். 1893 தொடக்கத்தில், கடுங்குளிரில் ஆல்டோனாவின் வடிகட்டி உறைந்து அந்தப் பராமரிப்பு கெட்டபோது, அதே ஆல்டோனாவிலும் காலரா தலைகாட்டியது. இதை ஆராய்ந்தவர் ராபர்ட் கோக். வடிகட்டி இருந்தால் மட்டும் போதாது, அதிலிருந்து வரும் நீரைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்ற விதி இந்த அனுபவத்திலிருந்து வலுப்பெற்றது.

தோழர்களே, நீர் எங்கே பிறந்தது என்பது அதன் தூய்மையை முடிவு செய்வதில்லை. அதன்மேல் என்ன உழைப்பு செலவழிக்கப்பட்டது என்பதே முடிவு செய்கிறது. அந்த உழைப்பு ஒரு வாரம் நின்றால் தூய்மையும் நின்றுவிடும். பிறப்பால் தூய்மை, பிறப்பால் தீட்டு என்று சொல்லும் சாதிக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டுமா? ஆற்று மணலும் மண்வெட்டியும் கொடுத்த மறுப்பு இது.

இப்போது மகாடுக்கு வருவோம். சவுதார் குளத்தைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் அண்ணலைப் பற்றியும் பெருந்திரளைப் பற்றியும் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் அந்த வரலாற்றில் நாம் அதிகம் கவனிக்காத ஒரு பாத்திரம் உண்டு. அது மகாடு நகராட்சி. குளம் அதன் பொறுப்பில் இருந்தது. இன்றைய சொல்லில், அதுதான் அந்த ஊரின் குடிநீர் வாரியம்.

பொதுக் கிணறுகளும் குளங்களும் தீண்டப்படாத மக்களுக்கும் உரியவை என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. 1924இல் மகாடு நகராட்சியும் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. தாள் திறந்தது, குளம் திறக்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணலும் ஆயிரக்கணக்கான மக்களும் நடந்து போய் அந்த நீரை அள்ளிக் குடித்தார்கள். அதன் பிறகு தாக்குதல் நடந்தது. ஆதிக்க சாதியினர் குளத்துக்குச் சடங்கு செய்தார்கள். பாலும் தயிரும் மாட்டுச் சாணமும் மாட்டு மூத்திரமும் கலந்த 108 குடங்களைக் கொட்டி, குளம் தூய்மையாகிவிட்டது என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் பழைய தீர்மானத்தை ரத்து செய்தது. தடை பழங்கால வழக்கம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி முடிக்க 1937 மார்ச் ஆனது.

ஆல்டோனாவையும் மகாடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுதான். ஓரிடத்தில் நீரிலிருந்து கிருமியை எடுத்தார்கள், அதற்குத் தூய்மை என்று பெயர். இன்னோரிடத்தில் குடிநீர்க் குளத்தில் சாணத்தைக் கொட்டினார்கள், அதற்கும் தூய்மை என்றே பெயர். ஒரு நகராட்சி இந்த இரண்டு தூய்மைகளில் எதற்கு வேலை செய்கிறது என்பதை நோய்க் காலம் காட்டிக் கொடுத்துவிடும்.

நம் மாகாணத்திலும் ஆர். வீரையன், இரட்டைமலை சீனிவாசன் முதலான தலைவர்கள் 1920களில் சென்னை சட்டமன்றத்தில் நின்று, பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்பதை அரசு ஆணையாக்கினார்கள். சென்னை நகரத்துக்குச் செங்குன்றம் ஏரியிலிருந்து நீர் கொண்டுவரும் ஏற்பாடு 1872இல் வந்தது. அந்த நீரும் முதலில் வடிகட்டாத நீர்தான். கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் மணல் வடிகட்டிகளோடு 1914இல் வந்தது. குழாய் வந்தபோது நம்மவர்கள் பெருமூச்சு விட்டார்கள். கிணற்றில் வாளி இறக்கினால் தீட்டு, குழாயில் குடத்தை வைத்தால் யார் தடுப்பது என்று நினைத்தார்கள். தெருக்குழாயிலும் வரிசை பிரிந்தது. ஊர்க் குழாய், காலனிக் குழாய் என்று இரண்டானது. ‘ஊர்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஊருக்குத் தண்ணி விட்டாச்சா?’ என்று கேட்டால், அந்த ஊருக்குள் சேரி இல்லை. ஊருக்கு விட்ட பிறகு, காலனிக்குத் தனியாக ஒருமுறை விட வேண்டும். சமூகம் முழுவதற்கும் சேவை செய்வதாகச் சொல்லும் எந்தக் குடிநீர் அமைப்பிடமும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: உங்கள் ஊர் எதுவரை?

2020 இந்தக் கேள்வியை எல்லோர் முன்னாலும் வைத்தது. மார்ச் 25 முதல் நாடு முடக்கப்பட்டது. முதலில் ‘சமூக விலகல்’ என்றார்கள். நாம் அந்தச் சொல்லை எதிர்த்தோம். விலகி நிற்க வேண்டியது உடல்கள்தான். சமூகத்தை விலக்கி வைப்பது என்றால் என்ன என்று நமக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அடுத்து, சோப்புப் போட்டு இருபது நொடி கை கழுவுங்கள் என்றார்கள். நல்ல அறிவுரை. அதை நாமும் தெருத்தெருவாகச் சொன்னோம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிக்கனமாக, சொம்பில் மொண்டு ஊற்றிக் கழுவினாலும் ஒரு முறைக்கு ஒரு லிட்டர் என்று வைப்போம். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்குப் பத்து முறை என்றால் ஒரு நாளைக்கு ஐம்பது லிட்டர். பதினைந்து லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தில் மூன்று குடத்துக்கு மேல். இது கை கழுவ மட்டும். சமையல், குளியல், துணி, கழிப்பறை எல்லாம் தனி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வளாகத்துக்குள்ளேயே குடிநீர் கிடைத்த குடும்பங்கள் இந்திய அளவில் ஏறத்தாழ 47 விழுக்காடு. பட்டியல் சாதிக் குடும்பங்களில் ஏறத்தாழ 35 விழுக்காடு. வீட்டிலேயே இருங்கள் என்ற ஆணையும் கையைக் கழுவுங்கள் என்ற அறிவுரையும் சேர்ந்தே நம்முன் நின்றன. வீட்டில் குழாய் இல்லாதவர்கள் இரண்டில் எதைக் கடைப்பிடிப்பது? கைபம்பிலும் லாரியைச் சுற்றியும் கூடித்தான் ஆக வேண்டும்.

சென்னைப் பெருநகர் குடிநீர் வாரியத்தை இங்கே நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அமைப்பு அது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அடுத்த ஆண்டு நோய் வந்தபோது ஏரிகளில் ஓரளவு நீர் இருந்தது. நோய் ஓராண்டு முன்பே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. ஊரடங்கில் நகரமே கதவடைத்துக் கிடந்தபோது வால்வு திறக்கும் தொழிலாளி வேலைக்குப் போனார். லாரி ஓட்டுநர் போனார். நீரேற்று நிலையத்தில் இரவுப் பணி நடந்தது. கழிவுநீர் அடைப்பை எடுக்கிறவரும் போனார். இந்த உழைப்பு இல்லாமல் நகரம் ஒரு வாரம் தாங்கியிருக்காது. அதை நாம் மனதார ஏற்கிறோம், வணங்குகிறோம்.

ஆனால் அந்த வாரியத்தின் முழுப்பெயரில் இரண்டு வேலைகள் இருக்கின்றன: குடிநீர் வழங்கல், கழிவுநீரகற்றல். ஒன்று செய்யாமல் மற்றொன்று நிலைக்காது. சாக்கடை அடைத்துக்கொண்டால், விரிசல் விட்ட குடிநீர்க் குழாய்க்குள் அது நுழையும். இரண்டாவது வேலையைச் செய்கிற கைகள் யாருடையவை என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாடெங்கும் அந்த வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள், அவர்களிலும் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைக் கொண்டு மலக்குழியைச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தால் பத்து லட்சம் இழப்பீடு என்று உச்சநீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, சாவு நிற்கவில்லை. நகரத்தைத் தூய்மையாக வைத்திருப்பவரைத் தீட்டு என்று சொல்லும் சமூகம், கொரோனா காலத்தில் அவருக்குக் கைதட்டியது. தட்டி முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டது.

நகரத்தின் ஓரங்களையும் பார்ப்போம். கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் உட்பகுதிகளிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுபோய் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று குடியமர்த்தப்பட்டவர்களில் பெரும்பகுதி நம்மவர்கள். அடுக்குமாடியில் குழாய் இருந்தாலும் அதில் எப்போது நீர் வரும், வந்தது மேல் மாடிவரை ஏறுமா என்பது வேறு கதை. நோய்க்கு முன்பே ஒரு குடும்பம் எங்கே குடியமர்த்தப்பட்டது என்பது, நோய் வந்த நாளில் அதற்கு எத்தனை குடம் கிடைக்கும் என்பதை முடிவு செய்துவிடுகிறது.

இனி வேங்கைவயல். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து அந்தச் சிற்றூரில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. ஒரு மருத்துவர், தண்ணீரைப் பாருங்கள் என்றார். டிசம்பர் 26 அன்று இளைஞர்கள் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். பத்தாயிரம் லிட்டர் தொட்டி, தலித் குடும்பங்கள் மட்டும் குடிக்கிற தொட்டி. அதில் மனித மலம் கிடந்தது. மாவட்ட அதிகாரிகள் வந்தபோது இரட்டைக் குவளையும் கோயில் நுழைவு மறுப்பும் சேர்ந்தே வெளிவந்தன. வழக்கு 2023 ஜனவரியில் சிபிசிஐடிக்குப் போனது. 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்ட தலித் மக்களைச் சேர்ந்த மூன்று பேர்மீதே குற்றப்பத்திரிகை தாக்கலானது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. நாமும் அவர்களோடு நிற்கிறோம்.

வழக்கைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இன்று தொட்டியைப் பற்றிக் கேட்போம். ஒரு சிற்றூருக்கு ஏன் இரண்டு தொட்டிகள்? இரட்டைக் குவளையைச் சிமென்ட்டில் கட்டினால் அது இரட்டைத் தொட்டி. ஒரே தொட்டியிலிருந்து எல்லோரும் குடித்திருந்தால், அதில் மலத்தைக் கலக்க யாருக்கும் துணிவு வந்திருக்குமா? ஆல்டோனாவிலும் ஹாம்பர்கிலும் செல்வந்தர் வீட்டுக்கும் சந்துக் குடிசைக்கும் அந்தந்த நகரின் ஒரே நீர்தான் போனது. அதனால்தான் ஹாம்பர்க் கடைசியில் வடிகட்டி கட்டியே ஆக வேண்டியதாயிற்று. சாதி செய்வது வேறு. ஆபத்தை ஓரிடத்தில் ஒதுக்கி வைக்கிறது. ஆபத்து சேரியில் மட்டும் இருக்கும்வரை, ஊருக்கு அவசரம் இல்லை.

இங்கே நம் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது. எளிய ஆயுதம்தான். குடிநீரில் குளோரின் கலக்கிறார்கள். அது வழியில் கிருமிகளோடு மோதிக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகும். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் நிறைய இருக்கும், கடைசிக் குழாயில் குறைந்திருக்கும். குறைந்தபட்சம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும், நோய் அச்சம் உள்ள காலத்தில் 0.5 இருக்க வேண்டும் என்பது தரவிதி. நீர் நின்று நின்று வருகிற குழாயில் அழுத்தம் விழும்போது வெளியே தேங்கிய சாக்கடை விரிசல் வழியே உள்ளே உறிஞ்சப்படும். அதுவும் அழுத்தம் குறைந்த கடைசிப் பகுதியில்தான் அதிகம் நடக்கும். நம் ஊர்களில் அந்தக் கடைசிக் குழாய் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் காலனியில். ஆகவே, நோய்க் காலத்தில் ஒரு குடிநீர் அமைப்பு தன் வேலையைச் செய்ததா என்பதைத் தலைமை அலுவலக அறிக்கையில் அளக்கக் கூடாது. நீரேற்று நிலைய வாசலிலும் அளக்கக் கூடாது. சேரியின் கடைசிக் குழாயில் அளக்க வேண்டும். அங்கே நீர் நன்றாக இருந்தால், வழியில் உள்ள எல்லோருக்கும் நன்றாக இருக்கும். ஊர்க் குழாயில் நன்றாக இருப்பதை வைத்து சேரியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இதைச் செய்ய எவருடைய அனுமதியும் வேண்டாம். குளோரோஸ்கோப் என்ற சிறு கருவி இருக்கிறது. குழாய் நீரை அதன் குப்பியில் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு அளவைப் படிக்கலாம். பள்ளி மாணவிக்கும் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொடுக்கலாம். மாணவத் தோழர்களே, உங்கள் ஊரில் தொட்டிக்குப் பக்கத்துக் குழாயிலும் காலனியின் கடைசிக் குழாயிலும் ஒரே நாளில் சோதியுங்கள். தேதி, நேரம், அளவு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை செய்யுங்கள். தொட்டி எப்போது கழுவப்பட்டது, பிளீச்சிங் பவுடர் எவ்வளவு வாங்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் அன்று கிராமசபை கூடுகிறது. நோட்டை அங்கே கொண்டுபோய் உரக்கப் படியுங்கள். தலித்துகள் பயன்படுத்தும் நீரைக் கெடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. அந்தப் பிரிவைப் பயன்படுத்த ஆதாரம் வேண்டும், அந்த ஆதாரம் இந்த நோட்டிலிருந்து தொடங்கலாம்.

அதோடு தொட்டி இயக்குநர்களையும் நாம் மறக்கக் கூடாது. கிராமத்தில் குடிநீர் வாரியம் என்பது நடைமுறையில் அவர் ஒருவர்தான். மோட்டார் போடுகிறவரும் வால்வு திருப்புகிறவரும் தொட்டி கழுவுகிறவரும் அவரே. சொற்ப ஊதியத்தில், ஊர்ப் பெரியவர்களின் கண்பார்வைக்குக் கட்டுப்பட்டு வேலை செய்கிறார். காலனிக்கு இன்னும் பத்து நிமிடம் விடு என்று அவரிடம் சண்டை போடுவதோடு நின்றுவிடாமல், அவருக்கு நிரந்தர வேலையும் காலமுறை ஊதியமும் கேட்டு நிற்க வேண்டும். யாருக்கும் அஞ்சாமல் வால்வைத் திறக்கும் தொழிலாளி இருந்தால்தான் ஒரு தொட்டி எல்லோருக்குமான தொட்டியாகும். ஒரு ஊருக்கு ஒரு தொட்டி, ஒரே குழாய்ப் பாதை என்பதே நம் கோரிக்கை.

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. அது வருகிற நாளில் நமக்கு முழக்கங்களோடு எண்களும் தேவைப்படும். 1927இல் நம் முன்னோர் கையால் அள்ளிக் குடித்து உரிமையை நிலைநாட்டினார்கள். அதே கையில் இன்று ஒரு சோதனைக் குப்பியையும் ஒரு நோட்டையும் எடுத்துக்கொள்வோம். இங்கே வந்திருக்கும் ஒவ்வொரு மாவட்டத்துத் தோழரும் ஓர் ஊரையாவது தேர்ந்தெடுத்து, முதல் சோதனையை இந்த மாதத்துக்குள் செய்து முடிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.